பயிரை மேய்ந்த மாட்டுக்குப் பவுண்டு உண்டு. ஆட்டைக் கடித்த நாய்க்கு?

ஒருவருடைய மாடு அடுத்தவர் கடலைக் கொல்லையில் இறங்கி மேய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நம் கிராமங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொல்லைக்காரர் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார். மாட்டுக்காரர் தண்டம் கட்டி ஓட்டிச் செல்வார். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பயிரிட்டவருக்கு அளித்த உரிமை இது. பிடித்த மாட்டை 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. அச்சட்டத்தில் 'கால்நடை' என்ற சொல்லுக்குள் ஆடு, மாடு, பன்றி, கழுதை மட்டுமல்ல, யானையும் ஒட்டகமும்கூட அடங்கும். நாய் அடங்காது!

பல ஊர்களில் பவுண்டுச் சுவர் இடிந்து எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் அதன் பின்னால் இருந்த நியாயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பிராணியை வளர்ப்பவர், அது செய்யும் சேதத்துக்கும் பொறுப்பு. இந்த நியாயத்தை நாய் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?

மழையையும் கண்மாயையும் நம்பிப் பிழைக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு விவசாயிக்கு ஆடுதான் கைமுதல். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இரண்டு கிடாயை ஓட்டிச் சென்றால் விதைக்கடலைக்கும் உரத்துக்கும் பணம் கிடைக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அதில்தான். அந்தக் கைமுதலை நாய்கள் ஒரே இரவில் அழித்துவிடுகின்றன. பசிக்காக ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டுப் போவதோடு அவை நிற்பதில்லை. பட்டிக்குள் புகுந்தால் மிரண்டு ஓடும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்திலும் தொடையிலும் கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போகின்றன. தப்பிய ஆடுகளிலும் சில, காயம் சீழ்பிடித்து நான்கு நாள் கழித்துச் சாகின்றன. சினை ஆடுகள் குட்டியை வீசிவிடுகின்றன.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்து விவசாயிகள் 2025ஆம் ஆண்டில் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டே போராடினார்கள். அதன் பிறகுதான் நாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு நிவாரணம் என்ற பேச்சே அரசிடமிருந்து வந்தது. நிவாரணம் வேண்டியதுதான். ஆனால் வருடந்தோறும் செத்த ஆட்டுக்குப் பணம் வாங்குவதற்காக நாம் ஆடு வளர்க்கவில்லை.

இந்த நாய்கள் யாருடையவை என்று கேட்டால் 'தெருநாய்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், பகலில் ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாய்தான் இரவில் அவிழ்த்து விடப்பட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது என்பது தெரியவரும். கூட்டத்தில் உண்மையாகவே ஆளில்லாதவை இருக்கலாம். அவையும் எங்கிருந்தோ வந்தவை அல்ல. வீட்டுப் பெட்டை நாய் குட்டி போட்டால் கடுவனை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விட்டுவிட்டு வருகிறோமே, அவைதான் வளர்ந்து வருகின்றன. வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நாலைந்து குட்டி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து ஊர் எல்லையில் விடுகிறார்கள் என்ற புகாரும் பல ஊர்களில் உண்டு. அதைத் தடுக்கத்தான் வேண்டும். நாம் விடுவதை முதலில் நிறுத்திவிட்டுக் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பலம் கூடும்.

நாயே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிடை போடுகிறவருக்கும் தோட்டத்தில் தனிக்குடியாக இருப்பவருக்கும் நாய் இல்லாமல் முடியாது. காவல் நாயைக் கட்டியே போட்டால் காவல் எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கோத்துவிட்டால் நாய் பட்டியைச் சுற்றி நடமாடும். அடுத்தவர் பட்டிக்குப் போகாது. செலவு அதிகமில்லை.

ஆத்திரத்தில் சிலர் குருணை மருந்தைக் கறியில் கலந்து வைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. அந்தக் கறியை நாய்தான் தின்னும் என்று யார் உறுதி சொல்வது? விராலிமலைப் பக்கம் மயிலும், மற்ற இடங்களில் பருந்தும் கீரியும் அதில் செத்துப்போகும். வழியோடு போகும் குழந்தையின் கையிலும் அது அகப்படலாம். பிராணியை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆட்டையும் இழந்து, வழக்குக்கும் அலைவதா?

ஆடு சாவதைவிடப் பெரிய ஆபத்து வெறிநோய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெறிநாய் கடித்த மாடு உடனே நோய் காட்டாது; வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். பிறகு தீனியை வெறுக்கும், குரல் மாறிக் கத்தும், வாயில் எச்சில் வடியும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் பனங்கொட்டையோ கிழங்கோ அடைத்துக்கொண்டதாக எண்ணி வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அந்த எச்சிலில்தான் நோய்க்கிருமி இருக்கிறது. கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். அப்படிப்பட்ட மாட்டை நெருங்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அதன் பாலைக் கறக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்.

ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால், கையில் உறை போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். பிறகு தாமதமின்றிக் கால்நடை மருந்தகம். கடித்த பிறகு போடும் தடுப்பூசியைக் கடித்த நாளிலும், அதிலிருந்து 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் விடாமல் போட வேண்டும். கடிபட்ட ஆட்டை அவசரமாகக் கசாப்புக்குத் தள்ளிவிடுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. மனிதரைக் கடித்தாலும் இதே போலக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். உலகில் ஆண்டுதோறும் வெறிநோயால் இறப்போர் ஏறக்குறைய 59,000 பேர் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நோய் கண்டபின் மருந்தில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இனி விதிகள். மத்திய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. பிடித்த நாயைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் அப்படித் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22இல் சொல்லியிருக்கிறது. வளர்ப்பவரின் அஜாக்கிரதையால் மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடுமானால், 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆடு செத்ததற்கு அந்தப் பிரிவு உதவாது. அங்கேதான் ஊர்க் கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது.

விதி சரி, வசதி எங்கே? கருத்தடை மையமும் நாய் பிடிக்கும் ஆட்களும் நகரத்துக்கு உண்டு, கிராமத்துக்கு எட்டுவதில்லை. சிறிய ஊராட்சி ஒன்று தனியாக இதை நடத்த முடியாது. மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஒரு மையம், ஊர் ஊராகச் செல்லும் ஒரு வண்டி என்று கேட்பதில் தவறில்லை. அது வரும்வரை ஊராட்சி செய்யக்கூடியவை உண்டு. வீடுவாரியாக நாய்க் கணக்கு எடுத்து, தடுப்பூசி போட்ட நாய்க்குக் கழுத்துப்பட்டை அடையாளம் வைக்கலாம். கோழிக்கடைக் கழிவைச் சாலையோரமும் வரத்து வாய்க்காலிலும் கொட்டுபவருக்கு அபராதம் போடலாம். செத்த ஆட்டைப் புதரில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்லலாம். ஆட்டின் ருசியை நாய்க்குக் கற்றுக்கொடுப்பது அந்தப் புதர்தான்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆடு வளர்ப்போர் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவோடு போய், தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மனுவில் எத்தனை ஆடு, எந்தத் தேதி, யார் பட்டி என்று விவரம் இருக்கட்டும். இனி ஆடு கடிபட்டு இறந்தால் புதைப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, புகைப்படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். நிவாரணம் கேட்டுப் போனால் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.