கதிரவனுக்குக் கொஞ்சம் விடுப்பு கொடுங்கள்

எழுத வருகிற மாணவர்களிடம் "உன் எழுத்தில் எது பலம், எது பலவீனம்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டறைகளில் நான் கேட்டிருக்கிறேன். பதில் கிட்டத்தட்ட ஒரே அச்சு. பலம்: பழமொழி, உவமைத்தொடர், 'அழகான' தொடக்கம். பலவீனம்: லகர, ளகர, ழகரக் குழப்பம், சொல்வளம் பத்தாது, "பேச்சு மொழி வந்துடுது அண்ணே."

இந்தப் பட்டியல் தலைகீழாக இருக்கிறது. பலம் என்று அவர்கள் சொல்வது மனப்பாடம். பலவீனம் என்று கூச்சப்படுவதில் பாதி, அவர்களிடம் சொந்தமாக இருக்கிற ஒரே சரக்கு.

நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் திருக்குறள், பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி எல்லாம் செய்யுள், மொழியணி என்று ஆண்டுவாரியாக வருகின்றன. படிக்கட்டும், நல்லதுதான். கட்டுரையில் எத்தனை செருகினாய் என்று எண்ணத் தொடங்கும்போதுதான் சிக்கல். பாட்டி செத்ததை எழுதினாலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பிய பிறகுதான் கதை நகரும். ஜொகூரில் ஒரு மாணவன் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு அவர் மோட்டாரை முடுக்கும் சத்தத்தில்தான் வீடே விழிக்கிறது. அந்நேரத்தில் ஏது கதிரவன்? தினமும் காதில் விழும் சத்தத்தை விட்டுவிட்டு, இல்லாத சூரியனை எழுதுகிறான். நாம் புள்ளி போடுகிறோம்.

தன்கதையும் இப்படித்தான். 'நான் ஒரு காலணி.' தொழிற்சாலையில் பிறப்பு, கடையில் காத்திருப்பு, யாரோ வாங்குகிறார், கடைசியில் குப்பைத்தொட்டி. அந்தக் காலணி எந்தத் தாமானில் நடந்தது, போட்டவர் யார், ஏன் வீசினார் என்று கேட்க ஆளில்லை.

எல்லாப் பழியையும் தேர்வின் மேல் போட்டோம். 2021இல் யு.பி.எஸ்.ஆர். ஒழிந்தது. 2022இல் பிடி3 போனது. மனப்பாடம் போச்சா? இல்லையே. அது போட்டி நடுவர்களிடம் இருக்கிறது, பாராட்டும் பெற்றோரிடம் இருக்கிறது, இளம் எழுத்தாளர்களின் முதல் சிறுகதையிலும் இருக்கிறது.

"அப்போ இலக்கணம் வேணாமா?" என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டும். ஆனால் ளகரப் பிழையை யாரும் திருத்திவிடலாம். எழுதாமல் விட்ட அப்பாவை எந்த ஆசிரியரும் சிவப்பு மையில் சேர்க்க முடியாது.

நான் பொறியியல் படித்தவன். பாலத்தின் சாயத்தைப் பார்த்து அதன் பலத்தைச் சொல்ல மாட்டோம். பாரம் ஏற்றிப் பார்ப்போம். எழுத்துக்கும் ஒரு சோதனை உண்டு. கடைசியாக எழுதிய கட்டுரையை எடுங்கள். எங்கோ படித்து எடுத்த வரிகளையெல்லாம் அடியுங்கள். மிஞ்சுவது இரண்டே வரி என்றாலும், பேச்சு மொழியில் இருந்தாலும், அதுதான் உங்கள் பலம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அதுதான் பலவீனம்.

எஸ்.பி.எம். முடிந்ததும் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று மேடைதோறும் புலம்புகிறோம். தன்னுடையது என்று ஒரு வரிகூட எழுத விடாமல் பதினோரு வருடம் பழக்கிவிட்டு, அவர்கள் எதைத் தொடர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?