காமா அன்னிக்கு ஜெயிக்கலைங்க, டிரா!

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறாள். ஸ்கூல்ல பேச்சுப்போட்டி. தலைப்பு, விடுதலைக்கு முன் உலகை வென்ற இந்திய வீரர்கள். "எல்லாரும் தியான் சந்தைத்தான் எடுப்பாங்க பாப்பா, நீ காமா பயில்வானை எடு, வித்தியாசமா இருக்கும்"னு ஐடியா கொடுத்தது அடியேன். எழுதிக் கொடுத்ததும் அடியேன். நாலு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு ஸ்பிஸ்கோ, ஸ்பிஸ்கோன்னு சொல்லிப் பழகினாள் குழந்தை.

போட்டி முடிஞ்சு வந்தவள் என் மூஞ்சியையே பார்க்கலை. விசாரிச்சா, அவளுக்கு முன்னாடி பேசின பையனும் காமாவையே எடுத்திருக்கான். (வித்தியாசமா இருக்கும்னு சொன்னேன் பாருங்க!) அவன் கையைத் தூக்கி, "லண்டன் மாநகரிலே, ஒரே நிமிடத்திலே, உலக சாம்பியனை மண்ணைக் கவ்வ வைத்த மாவீரன்"னு முழங்க, ஒரே கைதட்டல். அடுத்து நம்ம பாப்பா போய், "இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் நடந்த அந்தப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது"ன்னு சொல்லியிருக்காள். நடுவர் ஐயா மைக்கை வாங்கி, "நம்ம ஆளு ஜெயிச்சதைப் போய் டிரான்னு சொல்லலாமாம்மா? சரியாப் படிச்சுட்டு வரணும்"னு அத்தனை பேர் முன்னாடியும் திருத்திட்டாராம்.

"உன்னாலதான் மாமா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாள்.

பரிசு போனா போகுது. உள்ளதைச் சொன்ன குழந்தையை மேடையில நிக்க வைச்சுப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தாங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். அதான் இந்தப் பதிவு.

முதல்ல நடந்தது என்னன்னு பார்த்துடுவோம்.

காமா, முழுப்பேர் குலாம் முகமது பக்ஷ். 1878-ல அமிர்தசரஸ் பக்கம் பிறந்தவர். 1910-ல தம்பி இமாம் பக்ஷோட லண்டன் போறார். ஆளு அஞ்சே முக்கால் அடி கூட கிடையாது. அங்க யாரும் பெரிசா மதிக்கலை. எந்த எடைக்காரனா இருந்தாலும் சரி, அரை மணி நேரத்துல மூணு பேரை வீழ்த்திக் காட்டறேன்னு சவால் விடறார். சும்மா உதார்னு நினைச்சாங்க. ஆகஸ்ட் 8-ம் தேதி அமெரிக்காவோட டாக்டர் ரோலரை ரெண்டு தடவை மல்லாத்தினதும் ஊர் முழிச்சுக்கிச்சு. தம்பி இமாம் பக்ஷும் சும்மா இல்லை, சுவிட்சர்லாந்து பயில்வான் ஜான் லெம்மைச் சில நிமிஷத்துல முடிச்சுட்டார்.

இறுதிப்போட்டி 1910 செப்டம்பர் 10, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் ஸ்டேடியம். எதிராளி போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. ஜான் புல் பெல்ட்டும் 250 பவுண்டும் பரிசு. முதல் நிமிஷத்துலயே காமா அவரைக் கீழே தள்ளிட்டார். அதுக்கப்புறம்தான் கூத்தே. ஸ்பிஸ்கோ எழுந்திரிக்கலை. குப்புறப் படுத்தார், தவழ்ந்தார், மெத்தையைப் புடிச்சுக்கிட்டு ஆமை மாதிரி கிடந்தார். காமா புரட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். மல்லாக்கத் திருப்பி ரெண்டு தோளையும் தரையில பதிய வைக்க மட்டும் முடியலை. இப்படியே 2 மணி 35 நிமிஷம். கடைசியில நிறுத்தி, டிரான்னு அறிவிச்சாங்க. 17-ம் தேதி திரும்ப மோதறதுன்னு ஏற்பாடு. அன்னிக்கு காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரலை. பெல்ட்டை காமாகிட்ட கொடுத்தாங்க.

இவ்வளவுதான். இதுல எங்கேயுமே ‘ஒரே நிமிடம்’ இல்லை, ‘உலக சாம்பியன்’ இல்லை. அப்போ உலக சாம்பியன் அமெரிக்காக்காரர் ஃபிராங்க் காட்ச். ஸ்பிஸ்கோ அந்தப் பட்டத்தை ஜெயிச்சது 1921-லதான். அப்புறம் அந்த ‘மண்ணைக் கவ்வ வைத்த’. ஐயா, குஸ்தியில தோக்கறதுன்னா மல்லாக்க விழறது. ஸ்பிஸ்கோ தப்பிச்சதே மண்ணைக் கவ்வினதாலதான்!

அந்த ஒரு நிமிஷம் எங்கிருந்து வந்துச்சுன்னா, அது 1928 ஜனவரி, பாட்டியாலா. பதினேழு வருஷத்துக்கு மேல கழிச்சு ரெண்டு பேரும் திரும்ப மோதினப்ப ஒரு நிமிஷம் கூட ஆகலை, காமா ஜெயிச்சார். அதை எடுத்து இதுல ஒட்டி எவனோ வாட்ஸ்அப்புல விட்டுட்டான். அது ஸ்கூல் மேடை வரைக்கும் வந்துடுச்சு.

அன்னிக்கு சாயந்தரம் நசரத்பேட்டையில அவுட்டர் ரிங் ரோடு பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில இதைச் சொல்லிப் புலம்பினேன். ஆறுதல் கிடைக்கும்னு பார்த்தா, அங்கேயே மூணு கட்சி.

முதல் கட்சி, லாரி ஓட்டற அண்ணன். "பெல்ட்டை யார் கையில கொடுத்தான்? அப்ப ஜெயிச்சது யாரு? அந்த வெள்ளைக்காரன் பயந்து படுத்துட்டான் தம்பி, அடுத்த வாரம் ஓடியே போயிட்டான். இதைப் போய் டிராங்கறியே."

அண்ணே, பெல்ட் கிடைச்சது 17-ம் தேதி எதிராளி வராததால. 10-ம் தேதி ஆட்டம் டிரா. ரெண்டும் வேற வேற. வராதது தப்பு, அதுக்கு எவ்வளவு வேணா திட்டிக்கோங்க, நானும் கூட வரேன். படுத்துக் கிடந்ததைக் கோழைத்தனம்னு சொல்லாதீங்க. அது கேட்ச் மல்யுத்தம். தோள் ரெண்டும் பதியற வரைக்கும் ஆட்டம் முடியாது. குப்புறக் கிடக்கறது சட்டப்படி சரி. இன்னிக்கு ஒலிம்பிக்ல சும்மா கிடந்தா எதிராளிக்குப் பாயிண்ட் போயிடும், அன்னிக்கு அந்தக் கதையே கிடையாது. அடுத்த ரெண்டே வருஷத்துல, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல, கிரேக்க-ரோமன் பிரிவு இறுதிப்போட்டி ஒண்ணு. சுவீடன் ஆல்கிரெனும் பின்லாந்து போலிங்கும் ஒன்பது மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில யாருக்கும் தங்கம் இல்லைன்னு சொல்லி ரெண்டு பேருக்கும் வெள்ளி கொடுத்து அனுப்பினாங்க. அவங்க ரெண்டு பேரும் கோழைங்களா?

இன்னொண்ணும் இருக்கு. அதே 1910 ஜூன் 1-ம் தேதி, சிகாகோ. ஸ்பிஸ்கோ காட்ச்கூட மோதறார். ஆட்டம் ஆரம்பிக்குது, இவர் கை குலுக்கக் கையை நீட்டறார். காட்ச் அப்படியே பாய்ஞ்சு மல்லாத்திட்டார். ஆறேழு விநாடி! நல்லவனா கை கொடுக்கப் போய் ஊரே சிரிச்ச மனுஷன். மூணு மாசம் கழிச்சு காமா முதல் நிமிஷத்துலயே தள்ளிட்டா அவர் என்ன செய்வார்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

ரெண்டாவது கட்சி, நம்ம கூட்டாளி. சின்ன வயசுல டபிள்யூ டபிள்யூ எஃப் சீட்டுக்கட்டுல என்கிட்ட அத்தனையும் ஜெயிச்சு வைச்சிருந்தவன். "மச்சி, ரெஸ்லிங்கே டூப்பு. அப்பவும் பேசி வைச்சுதான் ஆடியிருப்பானுங்க. இதுக்குப் போய் டிரா, வின்னுன்னு."

டேய், அந்தக் காலத்துலயும் பேசி வைச்ச ஆட்டம் உண்டு, இல்லைங்கலை. ஆனா கொஞ்சம் யோசி. காசு வாங்கிட்டுக் கதை எழுதறவன், ஒருத்தன் ரெண்டரை மணி நேரம் குப்புறப் படுத்திருக்கான்னு எழுதுவானா? பார்க்கறவன் கொட்டாவி விடற மாதிரி யாராவது டூப் காட்டுவாங்களா? நாற்காலி பறக்கலை, ரத்தம் வரலை, கடைசி நிமிஷத் திருப்பம் இல்லை. அந்த ஆட்டம் நிஜம்னு நான் நம்பறதுக்கு அது அவ்வளவு மொக்கையா இருந்ததே போதும்.

ஸ்பிஸ்கோ யாருன்னும் தெரிஞ்சுக்கோ. 1925 ஏப்ரல்ல பிலடெல்பியாவுல வேய்ன் மன்ங்கற முன்னாள் ஃபுட்பால்காரரோட ஆட்டம். மன்னைத்தான் சாம்பியனா தூக்கி வைச்சிருந்தாங்க. ஸ்பிஸ்கோ தோக்கணும்னு ஏற்பாடு. வயசு 46. உள்ள போனார், ஏற்பாட்டைத் தூக்கிப் போட்டுட்டு நிஜமாவே மல்லாத்தி பட்டத்தை எடுத்துட்டு வந்துட்டார். 1950-ல ‘நைட் அண்ட் தி சிட்டி’ன்னு ஒரு படம். காட்சி ரெஸ்லிங்கைப் பார்த்துக் காறித் துப்பற கிழப் பயில்வான் கிரிகோரியஸா நடிச்சிருக்கிறதும் இவரேதான். இவரைத்தான் வாட்ஸ்அப்புல பயந்தாங்கொள்ளிங்கறாங்க.

மூணாவது கட்சி டீ மாஸ்டர். இவர்தான் ஆபத்தானவர். "ரெண்டரை மணி நேரத்துல ஒருத்தனைப் புரட்ட முடியலை. அப்புறம் என்ன கிரேட் காமா?"

பார்த்தீங்களா? பொய் சொன்னா இதுதான் நடக்கும். ஒரே நிமிஷத்துல ஜெயிச்சார்னு சொல்லி வளர்த்து விட்டா, நிஜம் தெரியற அன்னிக்கு மொத்தமா நம்பிக்கை போயிடும். உள்ளபடியே சொல்லியிருந்தா மாஸ்டருக்கே புரிஞ்சிருக்கும். தன்னைவிட கனமான, உலகத்தோட முதல் வரிசை ஆளு ஒருத்தர், காமா கையில ஒரு நிமிஷம் சிக்கினதுக்கப்புறம் ரெண்டரை மணி நேரம் எழுந்து நிக்கத் துணியலை. இதைவிட ஒரு பயில்வானுக்கு என்ன சர்டிபிகேட் வேணும்? அதுவும் மண்ணுல குஸ்தி பழகினவர், அவன் ஊர்ல, அவன் மெத்தையில, அவன் சட்டத்துல ஆடி வாங்கினது.

1928-க்கும் இதே நியாயம்தான். பாட்டியாலா ஆட்டம் நம்ம ஊரு, நம்ம மண்ணு, நம்ம குஸ்தி. ரெண்டு பேருக்கும் அம்பதை நெருங்கற வயசு. லண்டன்ல அவங்க சட்டம் ஸ்பிஸ்கோவுக்குக் கை கொடுத்துச்சு, பாட்டியாலாவுல நம்ம மண்ணு காமாவுக்குக் கை கொடுத்துச்சு. அதனால அந்த வெற்றி சின்னதாயிடலை. ரெண்டையும் ஒரே தராசுல வைங்கன்னுதான் சொல்றேன்.

டிரா காமாவுக்குப் புதுசும் இல்லை. ஏழடி கிட்ட உசரம்னு பேர் வாங்கின ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோட நம்ம நாட்டுலயே டிரா ஆடியிருக்கார். லண்டன்லேர்ந்து திரும்பி வந்துதான் அவரை ஜெயிச்சார். ‘கடைசி வரைக்கும் தோக்காத வீரர்’னு பெருமையா சொல்றோமே, அந்தக் கணக்கைக் காப்பாத்திக் கொடுத்ததுல இந்த டிராவுக்கும் பங்கு இருக்கு. நம்ம சீட்டுக்கட்டுல ஃபைட்ஸ் ஃபாட், ஃபைட்ஸ் வன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கும். டிராவுக்குக் கட்டமே கிடையாது. அதை வைச்சு விளையாடி வளர்ந்த நமக்கு டிரான்னாலே தோத்த மாதிரி கூசுது போல.

கோபப்படணும்னா கோபப்பட வேற விஷயம் இருக்கு. காட்ச் கடைசி வரைக்கும் காமாகூட மோதவே இல்லை. ஹாக்கென்ஷ்மிட்டும் மோதலை. அன்னிக்கு உலகத்துல பெரிய பேர் அவங்க ரெண்டு பேரும்தான். லண்டன் வரைக்கும் வந்து வாடா வாடான்னு கூப்பிட்ட ஒரு மனுஷனுக்கு அந்த ஆட்டம் கிடைக்கவே இல்லை. வயிறு எரிய வேண்டியது இதுக்கு. நாம என்னடான்னா, வந்து மோதின ஸ்பிஸ்கோவைத் திட்டறோம். வராதவன் பேரு கூட நமக்குத் தெரியாது.

ஒண்ணு கேக்கறேன். வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரளும்போது மறைஞ்சு நின்னு அம்பு விட்டது நியாயமான்னு, சாட்சாத் ராமனையே கூண்டுல ஏத்திப் பட்டிமன்றம் போடற ஊரு இது. கம்பனே அடிபட்டுக் கிடக்கற வாலியை அத்தனை கேள்வியும் கேக்க விட்டிருக்கார். அதனால ராமன் கோயில் எதையாவது மூடிட்டோமா? கடவுளுக்கே சலுகை கொடுக்காத நாம, ஒரு பயில்வானோட டிராவை டிரான்னு சொன்ன குழந்தையை மட்டும் மேடையில வைச்சு மட்டம் தட்டுவோமா?

இதைப் படிக்கிற உங்கள்ல வாத்தியார்கள் நிறைய பேர் இருக்கீங்க, நடுவரா போறவங்களும் இருக்கீங்க. அடுத்த முறை ஒரு குழந்தை உங்களுக்குத் தெரியாத ஒண்ணைச் சொன்னா, மைக்கைப் புடுங்கறதுக்கு முன்னாடி "இதை எங்கம்மா படிச்சே?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. போதும். காமாவைக் காப்பாத்த நம்ம பொய் தேவையில்லை. அவர் ரெண்டரை மணி நேரம் விடாம புரட்டின ஆளு.

டிஸ்கி: நேத்து ராத்திரி பூந்தமல்லி போய்ப் பரோட்டா வாங்கிட்டு வந்து கதவைத் தட்டினேன். பரோட்டா உள்ள போச்சு, பேச்சு மட்டும் இன்னும் வரலை. இப்போதைக்கு இதுவும் டிரா :-)