பணியும் பயிற்சியும்: ஒரு மணிக்கணக்கு

பள்ளியில் தொடங்கிக் கல்லூரியில் நிறைவுறுவது கல்வி. அதன்பின் பணி, இல்லறம், முதுமை என வாழ்வை வரிசைப்படுத்தி வைத்திருந்தோம். கணிப்பொறித் தொழில்நுட்பம் அவ்வரிசையைக் குலைத்துவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் கற்ற நுட்பம் இன்று பழையதாகின்றது. கணக்கர், எழுத்தர், பொறியாளர், ஆசிரியர் என யாராயினும், பணியில் இருந்துகொண்டே மீண்டும் மாணவராக வேண்டிய காலம் இது.

உழைப்போர் கற்பது புதுமையன்று. 1823ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிர்க்பெக் என்னும் மருத்துவர் முதலானோர் இலண்டனில் தொழிலாளர்க்கென ஒரு கல்விக்கூடம் நிறுவினர். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தோர் மாலையில் அங்கு அறிவியல் பயின்றனர். இங்கிலாந்தில் 1969இலும் இந்தியாவில் 1985இலும் தோன்றிய தேசிய அளவிலான திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அவ்வழியை அகலமாக்கின. 2020ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தரவு அறிவியல் படிப்பை இணையவழியில் தொடங்கி, பணியில் இருப்போர்க்கும் தன் வாயிலைத் திறந்தது.

வாயில் திறந்தது, உள்ளே நடப்பது எளிதா? பாடங்களை இல்லத்திலிருந்தே காணலாம். எனினும் வாரந்தோறும் ஒப்படைப்புகள் உண்டு. தேர்வுகளை மையத்திற்கு நேரில் சென்று எழுதுதல் வேண்டும். ஒரு பாடத்திற்கு வாரம் ஏறத்தாழப் பத்து மணி நேரம் தேவை. தரமான கல்வி இத்துணை உழைப்பைக் கேட்பது நியாயமே. ஆயின் அந்த மணிகள் எங்கிருந்து வரும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். பணிக்கு 48, போக்குவரத்துக்கு 12, நாளொன்றுக்கு ஏழு மணி வீதம் உறக்கத்திற்கு 49. ஆக 109 கழிந்தது. உணவு, குளியல், இல்லப்பணி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி எனக் கொண்டால் மேலும் 28 போகும். எஞ்சுவது 31 மணி. இரு பாடங்கள் எடுத்தால் 20 போக 11 மிஞ்சும். பெற்றோர், மக்கள், உறவினர் இல்ல நிகழ்ச்சி, நோய் நொடி அனைத்தும் அப்பதினொரு மணிக்குள் அடங்க வேண்டும். மூன்று பாடங்கள் எடுத்தால் மிஞ்சுவது ஒரே மணி. நான்கு எடுத்தாலோ ஒன்பது மணி பற்றாக்குறை! அப்பற்றாக்குறையை உறக்கத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். உறக்கம் குறைந்தால் கற்றது மனத்தில் தங்காது. பணியிலும் பிழை நேரும். ஈரிழப்பு!

“மனமிருந்தால் மார்க்கமுண்டு” என்று இளைஞர்க்கு அறிவுரை கூறுகிறோம். அது பாதி உண்மையே. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012-13ஆம் ஆண்டில் நடத்திய 17 இணையவழிப் பாடங்களில் 8,41,687 பதிவுகள் நிகழ்ந்தன; சான்றிதழ் பெற்றோர் 43,196 பேரே. பதிவு செய்தோரில் பார்வையிட மட்டும் வந்தோர் பலர் என்பது மெய்தான். ஆயினும் சேர்வது எளிது, முடிப்பது அரிது என்பதை அவ்வெண்கள் உணர்த்துகின்றன அன்றோ? இடையில் நின்றவர் தம்மை அறிவிலார் என்று எண்ணி நாணுகின்றனர். குறைந்தது அறிவன்று, மணி நேரம்.

பணிக்குச் செல்லும் பெண்களின் நிலை இன்னும் கடினம். மேற்கண்ட கணக்கில் இல்லப்பணிக்கென ஒதுக்கிய மணிகள் அவர்கட்குப் போதா. அடுக்களையும் குழந்தையும் அவர் பொறுப்பே என்றிருக்கும் இல்லத்தில், “படிக்க அனுமதி தந்தோம்” என்று கூறுவதில் பொருளில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்வதே மெய்யான அனுமதி.

விரைந்து கற்காவிடின் நுட்பம் மாறிவிடுமே என்பார் உளர். மாறுபவை பெரும்பாலும் கருவிகளே. கணிதம், புள்ளியியல், நிரலாக்கத்தின் தருக்கமுறை ஆகிய அடிப்படைகள் அத்துணை விரைவில் மாறுவதில்லை. எனவே பருவத்திற்கு ஓரிரு பாடங்களை மட்டும் எடுத்து, ஓராண்டு கூடுதலாயினும் முடிப்பதே அறிவுடைமை. ஞாயிறு ஒருநாளில் பத்து மணி முயல்வதினும் நாள்தோறும் ஒன்றரை மணி பயில்வது நன்று. இடைவெளி விட்டு மீளப் பயில்வதே நினைவில் நிலைக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து காட்டினார்.

இப்பொறுப்பைக் கற்பவர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. ஊழியரின் புதிய திறனால் பயன்பெறும் நிறுவனத்தார், தேர்வு நாள்களில் விடுப்பும், அவ்வாரத்தில் மிகைநேரப் பணியிலிருந்து விலக்கும் அளித்தல் வேண்டும். கல்லூரிகள் மாலை நேரத்தில் முன்னாள் மாணவர்க்கும் நூலகத்தையும் கணிப்பொறிக்கூடத்தையும் திறந்து வைக்கலாம். இடநெருக்கடி மிக்க வீடுகளில் வாழ்வோர்க்கு அமைதியான ஒரு மேசையே பெருங்கொடை. கட்டடங்கள் எழுப்பி மகிழும் சமுதாயப் பெரியோர், தெருவுக்கொரு படிப்பறை அமைக்க முன்வரின், அவ்வறையின் விளக்கொளியில் பல குடும்பங்கள் தலைநிமிரும்.

மாணவ நண்பர்களே! நாளை பணியில் அமர்ந்தபின் நீங்களும் மீண்டும் கற்க நேரும். அன்று விண்ணப்பத்தை நிரப்பும் முன், ஒரு தாளில் உங்கள் வாரத்தின் 168 மணிகளை எழுதிப் பாருங்கள். இல்லத்தாரையும் அருகில் அமர்த்தி அக்கணக்கைக் காட்டுங்கள். எடுத்ததை முடிக்கும் வழி அங்கேதான் தொடங்குகிறது.