குளிகையும் கீரையும்

நல்லெண்ணெய் நாட்பட்டும் எளிதிற் காறுவதில்லை என்பதை நம் இல்லத்துப் பெண்டிர் நெடுங்காலமாய் அறிவர். வளியிலுள்ள ஒட்சிசன் எண்ணெயைத் தாக்குவதே காறல். அதனைத் தடுக்கும் சீசமோல் போன்ற பொருள்கள் எள்ளிலிருந்தே வருகின்றன. இத்தகையவற்றை எதிர் ஒட்சியேற்றிகள் என்பர்.

போத்தலில் எண்ணெய்க்கு நேர்வதையொத்த தீங்கு நம் உடலிற் கொலஸ்திரோலுக்கும் நேர்கின்றது. அதனைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துணிக்கை நாடிச் சுவரினுட் புகுந்து ஒட்சியேற்றப்படின், அங்குள்ள விழுங்கு கலங்கள் அதனை அளவின்றி விழுங்கி, கொழுப்பு நிறைந்து நுரைபோலாகின்றன. நாளடைவில் நாடி தடித்து ஒடுங்குகின்றது. 1989 இல் அமெரிக்க அறிஞர் தானியேல் ஸ்ரைன்பேர்க்கும் அவர்தம் தோழரும் இக்கொள்கையை விரித்துரைத்தனர். அத்துணிக்கையுள் இயல்பாகவே உறையும் விற்றமின் ஈ அதற்கு ஒரு காவல்.

அங்ஙனமாயின் அவ்விற்றமினைக் குளிகையாக விழுங்கின் மாரடைப்பு நீங்குமன்றோ? பலரும் அவ்வாறே எண்ணினர், எண்ணியதிற் பிழையில்லை. ஆயின் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹோப்’ ஆய்வில், இருதய நோய் அபாயம் மிக்க 9,500 இற்கு மேற்பட்டோரிடை, நாளொன்றுக்கு 400 அலகு வீதம் ஏறத்தாழ நாலரை ஆண்டு விற்றமின் ஈ உண்டவர்க்கும் வெறுங்குளிகை உண்டவர்க்கும் மாரடைப்பில் வேறுபாடு காணப்படவில்லை. பின்லாந்து ஆய்விலோ, பீற்றா கரோற்றீன் உண்ட புகைபிடிப்போரிடைச் சுவாசப்பைப் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்ததென 1994 இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு தெரிந்த பின்னரும் அக்குளிகைகள் நம்மவர் மேசைகளில் வீற்றிருக்கின்றன. பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர் பெற்றோர்க்கு அவற்றை அனுப்பிவைக்கின்றனர். அவர்தம் அன்பை நாம் குறைகூறோம். அவற்றை நம்பி, வைத்தியர் தந்த கொலஸ்திரோல் மருந்தை நிறுத்திவிடும் முதியோரை நினைந்தே அஞ்சுகின்றோம். அம்மருந்துகளுள் ஒன்றான சிம்வஸ்ராற்றின், ஸ்கந்திநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளரிடைச் சோதிக்கப்பட்டு, மரணங்களை 30 சதவீதம் குறைத்ததென அதே 1994 இல் நிறுவப்பட்டது.

கீரையைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. காய்கறியும் பழமும் மிகுதியாய் உண்பார்க்கு இருதய நோய் குறைவெனக் காட்டும் ஆய்வுகள் பல. முருங்கையிலையில் உள்ளது ஒரு பொருளன்று. நாரும் உப்புக்களும் பல்வேறு இரசாயனங்களும் அதில் உள. அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் போத்தலில் அடைத்துவிட்டு, முருங்கையின் பெயரால் விலை கூறுவதே நமக்கு உடன்பாடன்று.

நம் கல்லூரி உயர்தர வகுப்பில் இவ்வாய்வுகளைப் பாடமாக வைத்தல் நன்றெனக் கருதுகின்றோம். சோதனைக் குழாயிற் கண்டது உடலிலும் அவ்வாறே நிகழும் என எழுதிப் புள்ளி பெற்றோர் நம்மிடையே பலர். நாமும் அவருள் ஒருவரே.