கல்லறைத் தோட்டத்தில் கறுப்பு விரிப்பு



இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூர நவம்பர் 2-ஆம் நாளைக் குறித்தவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் குளூனி மடத்தின் தலைவராயிருந்த புனித ஒதிலோ. அந்நாட்டில் அது இலையுதிர்ந்து, புல் பூண்டெல்லாம் வாடி அடங்கும் பருவம். நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலோ அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கும்; பத்தே நாளில் சாரணையும் கோரையும் கல்லறைகளை மூடிக்கொள்ளும். அந்தப் புனிதர் நம் பக்கத்துப் பங்கொன்றில் வாழ்ந்திருந்தால் பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்திருப்பார் என்று நாம் வேடிக்கையாக எண்ணிக்கொள்வதுண்டு.

சென்ற ஆண்டு செப்டம்பரில் நம் பங்குப் பேரவை கூடியபோது, கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்யும் பேச்சு எழுந்தது. கூலியாட்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்கும் தொகை பெரிது. களைக்கொல்லி தெளிக்கலாம் என்றார் ஒருவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லறையருகே மண்டியிடும் மக்கள் நடுவே அதற்கு நாம் இசையவில்லை. அப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், நாற்றுப் பண்ணைகளில் தரையில் விரித்திருக்கும் கறுப்பு விரிப்பைப் பற்றிச் சொன்னார். கடைக்காரர்கள் அதை ‘வீட் மேட்’ என்பர். தோட்டம் முழுவதும் அதை ஒருமுறை விரித்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் களை எடுக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. பலரும் மகிழ்ந்தனர். நாம் மட்டும் சற்றுத் தயங்கினோம். ஏனெனில் இத்துறையில் நமக்கு முன் அனுபவம் உண்டு, அது பெருமைக்குரியதன்று.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குத்தந்தை இல்லத்தின் பின்புறம் கத்தரிப் பாத்தி அமைத்தோம். காய்கறிப் பயிருக்கென்று விற்கும், மேற்புறம் வெள்ளி நிறமும் கீழ்ப்புறம் கறுப்பு நிறமுமான மெல்லிய மல்ச்சிங் ஷீட்டை வாங்கினோம். கனம் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. மேலாகப் புல்லைச் செதுக்கிவிட்டு அதை விரித்தோம். மூன்றே வாரத்தில் கோரை முளைகள் ஊசி குத்தினாற்போல் அதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டன. “சாமி, கோரைக்கு நல்ல குடை பிடிச்சிருக்கீங்க” என்றார் நம் உபதேசியார். அந்தச் சொல்லுக்கு நாம் முற்றிலும் தகுதியானவரே.

குற்றம் விரிப்பினுடையதன்று, பகையை அறியாமல் போருக்குப் போனோம். 1977-இல் அமெரிக்க அறிஞர் ஹோமும் அவர்தம் தோழர்களும் உலகின் கொடிய களைகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டபோது, கோரைக்கே முதலிடம் அளித்தனர். மண்ணுக்கடியில் செபமாலை மணிகளைப் போல ஒன்றோடொன்று கோத்த கிழங்குகள் அதற்கு உண்டு. மேலே அறுத்தால் கிழங்கு மீண்டும் முளைக்கும். மண்வெட்டியால் கொத்தினால் தொடர் அறுந்து, தூங்கிக்கிடந்த கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். (இதே கிழங்கை உலர்த்தி, நாட்டு மருந்துக் கடையில் குளியற்பொடிக்கென நம் தாய்மார்கள் காசு கொடுத்து வாங்குகின்றனர் என்பது வேறு செய்தி.) அருகம்புல்லின் வழி வேறு, அது துளைப்பதில்லை, ஓரத்தில் காத்திருந்து விரிப்பின் மேலும் கீழும் கொடியோட்டும். சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் முதலியவை விதையால் பரவுகிறவை. ஒளி மறைந்தால் முளைக்க மாட்டாமல் அடங்கிவிடும். ஆகவே எந்தக் களை இருக்கிறது என்று குனிந்து பார்த்த பிறகே கடைக்குப் போகவேண்டும்.

கடையில் காண்பன மூவகை. மேற்சொன்ன மெல்லிய ஷீட் ஒரு பருவப் பயிருக்கே உரியது; நீர் அதனூடே இறங்காது. மழைநீர் வடியாத களிமண் நிலத்தில் அதைப் பரப்பினால் மேலே குட்டை தேங்கிக் கொசு பெருகும். இரண்டாவது, பாலிபுரொப்பிலீன் இழையால் பாய்போல் நெய்த விரிப்பு. மழைநீரை உள்ளே விடும், ஒளியை விடாது. சதுர மீட்டருக்கு 100 கிராம் எடைக்குக் குறையாமலும், வெயிலைத் தாங்கும்படி பக்குவம் செய்ததாகவும் பார்த்து வாங்குதல் நன்று. மூன்றாவது, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார் விரிப்பு. சில ஆண்டுகளில் மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். குறுகிய காலத்துக்கு அது போதுமென்றால் அதையே நாம் பரிந்துரைப்போம். காசில்லாமல் முடிக்கலாமென்று பழைய சிமெண்டுச் சாக்குகளைப் பிரித்து விரிக்கிறவர்களும் உண்டு. ஒரே கோடையில் அவை நூல்நூலாக இற்று மண்ணில் கலந்துவிடும். பிறகு அந்த நூல்களைப் பொறுக்குவதைவிடக் களை பறிப்பது எளிது. படைப்பைப் பேணுவது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த சுற்றுமடலை மறையுரையில் விளக்கிய நாமே கல்லறைத் தோட்டத்தில் பிளாஸ்டிக்கைப் புதைக்கலாமா என்னும் கேள்வி நமக்கும் இருந்தது. முழுதாக விரித்து, முழுதாகவே திரும்ப எடுக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே என்று உறுதி செய்துகொண்டோம்.

பேரவை ஏறத்தாழ முடிவெடுத்துவிட்ட வேளையில், எழுபதைக் கடந்த தாய் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

“சாமி, எங்க வீட்டுக்காரருக்குச் சிமெண்டுக் கல்லறை இல்லை. மண்மேடுதான். மரச்சிலுவையைக் கறையான் தின்னுடுச்சு. அந்த மேட்டைப் பார்த்துத்தான் இடத்தைத் தெரிஞ்சுக்கிறேன். மேல ஒரே மாதிரி விரிச்சு மூடிட்டா, நான் எங்கே போய் மெழுகுவத்தி ஏத்துவேன்?”

யாரும் பேசவில்லை. தந்தையாகிய நமக்கே அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பளிங்குக் கல்லறைகளுக்கு விரிப்பால் ஒரு குறையும் நேராது. வசதியற்றோரின் மண்மேடுகளே அதன்கீழ் மறையும். இறந்தோர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். யாரை, எந்நாளில் அடக்கம் செய்தோம் என்பது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. எந்த இடத்தில் என்பது எங்குமே இல்லை.

ஆகவே முதல் வேலை களையெடுப்பதன்று, கணக்கெடுப்பு என்றாயிற்று. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் திருப்பலிக்குப் பின் இளைஞர்கள் அளவுநாடாவுடன் சென்றனர். முதியோர் அருகில் நின்று இடம் காட்டினர். மதிலிலிருந்து இத்தனை அடி, கிணற்றிலிருந்து இத்தனை அடி என்று ஒவ்வொரு மேடும் வரைபடத்தில் ஏறியது. ஐந்து மேடுகளுக்கு மட்டும் உரியவர் யாரென்று எவராலும் சொல்ல இயலவில்லை. அவற்றையும் எண்ணிட்டு வரைந்திருக்கிறோம். இவ்விதழை வாசிக்கும் பங்குகளில் இத்தகைய வரைபடம் இல்லாவிடில், இடம் காட்டும் முதியோர் இருக்கும்போதே அதைச் செய்துகொள்ளுங்கள்.

விரிப்பு, நடைபாதைகளுக்கும் மதிலோரத்துக்கும் மட்டுமே என்று முடிவாயிற்று. மண்மேடுகளைக் குடும்பத்தார் கையால் சுத்தம் செய்வது வழக்கம்போலவே தொடரும்.

விரிக்கும் முறையை எழுதிவிடுகிறோம். வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே. முதலில் அரை அடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்டிக் கோரைக் கிழங்குகளைக் கையால் பொறுக்கவேண்டும். கல்லறைகளிடையே அதற்குமேல் கடப்பாரை போடலாகாது. வீட்டிலானால் இன்னும் ஆழமாகப் போகலாம். வீட்டில் காலியான பாத்தி இருப்பவர்கள் மே மாதத்தில் அதற்கு நன்றாக நீர் பாய்ச்சி, கண்ணாடிபோல் ஒளிபுகும் பாலிதீனால் ஓரம் இறுக மூடி ஆறு வாரம் விட்டால், உள்ளே ஏறும் வெப்பத்தில் பெரும்பாலான களை விதைகள் மடியும். இஸ்ரேல் நாட்டார் 1976-இல் வெளியிட்ட முறை இது; கோரைக் கிழங்கு மட்டும் இதற்கும் முழுதாக அடங்குவதில்லை. பிறகு கல், கண்ணாடிச் சில்லுகளை அகற்றிச் சமன்செய்து, விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துப் போடவேண்டும். இரு துண்டுகள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று அரை அடி ஏறியிருக்கட்டும். ஓரங்களை அரை அடிப் பள்ளத்தில் இறக்கி மண் தள்ளவேண்டும். தூக்கிக்கொண்டிருக்கும் ஓரத்தின் அடியில் தேளும் பாம்பும் குடியேறும். வெட்டிய விளிம்பைச் சுடவைத்த கத்தியால் ஒற்றினால் இழை பிரியாது. ஆணிக்கு, கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித்துண்டை ‘ப’ போல் வளைத்து இரண்டடிக்கு ஒன்றாக அடித்தோம். செடிக்காகத் துளையிடுவோர் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெற்றிடம் விடுக. நம் சாலைப் புழுதி விரிப்பின் மேலும் படியும், அதிலும் விதை விழுந்து முளைக்கும். மாதம் ஒருமுறை பெருக்கிவிட்டால் வேர் இழையினுள் இறங்காது.

கல்லறைத் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை வேலை முடிந்தது. மழை ஓய்ந்த டிசம்பர் இறுதியில் சென்று பார்த்தோம். பாதைகள் சுத்தமாக இருந்தன. மதிலோரம் ஓரிடத்தில் மட்டும் கோரை வரிசையாக எட்டிப் பார்த்தது. துணி போதாமல் அரை அடிக்குப் பதில் நான்கு விரலளவே இணைப்பு விட்ட இடம் அது. விரிப்பைத் தூக்கிக் கிழங்குகளை எடுத்துவிட்டு, இன்னொரு துண்டு சேர்த்து ஆணியடித்தோம்.