ஸ்னோ ப்ளோயர் வாங்கினால் மட்டும் போதுமா?

எங்கள் பூதிகோட்டையில் பனி என்றால் மார்கழிக் காலை மூட்டம்தான். டொராண்டோவில் அதை அள்ளிக் கொட்ட வேண்டும். அதனால் நம்மவர் பலரும் கேஸில் ஓடும் ஸ்னோ ப்ளோயர் வாங்குகிறார்கள். (கேஸ் என்றால் இங்கே பெட்ரோல், சிலிண்டர் இல்லைங்க!) வாங்குவதில் தப்பில்லை. ஏப்ரலில் அப்படியே கராஜில் தள்ளிவிடுவதுதான் தப்பு.

இங்கத்திய சாதா பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். அப்புறம் டிசம்பரில் கயிறை இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷினை வெளியே வைத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆயில் மாற்றுங்கள். ஷியர் பின் உடைந்தால் அதே பின்தான் போடணும். சாதா போல்ட் போட்டால் அது உடையாது, கியர்பாக்ஸ் உடையும். என்னைக் கேட்டால், இதற்கு அரைமணி ஒதுக்க முடியாதவருக்கு ஷவலே போதும்.

முக்கியமாக ஒன்று. ஈரப்பனி அடைத்துக்கொண்டால் கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும், அடைப்பு விலகியதும் பிளேடு சட்டென்று சுற்றலாம். குச்சியால் குத்தி எடுங்கள். பனி நாளைக்கும் கொட்டும். போன விரல் முளைக்காது.