துப்பாக்கி வந்த வழியை மறைப்பது யாருக்காக?

2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில், காலை நடைப்பயிற்சி முடித்து மனைவியுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டார். நான்கு நாட்களில் உயிர்நீத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி தார்வாடில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரு ராஜராஜேஸ்வரி நகரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் வீழ்த்தப்பட்டார். ஊர்கள் மூன்று, மாநிலங்கள் இரண்டு, ஆனால், 7.65 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றே என்பதுதான் கர்நாடகத் தடய அறிவியல் ஆய்வின் முடிவு. பன்சாரே மீது பாய்ந்த இன்னொரு துப்பாக்கி, 2013இல் புனேயில் நரேந்திர தபோல்கரைக் கொன்ற துப்பாக்கியோடு ஒத்துப்போனது.

சுடப்பட்ட தோட்டாவில் குழாயின் வரிகள் பதிகின்றன. வெற்றுக் குப்பியில் சுடும் ஊசியின் தடம் பதிகிறது. கொலையாளி தலைக்கவசத்துக்குள் முகத்தை மறைக்கலாம்; துப்பாக்கி தன் தடத்தை மறைக்க முடியாது. ஆனால், அந்தத் தடம் சொல்லும் செய்தி யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

கோலாப்பூருக்கும் தார்வாடுக்கும் இடையிலான தொடர்பு கல்புர்கி கொலையை அடுத்த சில மாதங்களிலேயே புலனாய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நாட்டுக்கு அது தெரியவந்தது அரசின் அறிக்கை வழியாக அல்ல. பத்திரிகைகளில் கசிந்த துணுக்குகள் வழியாகத்தான். ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு அமைப்பின் கையில் இருந்தது. உமாதேவி கல்புர்கி உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, 2019 பிப்ரவரியில், அவருடைய கணவரின் கொலை வழக்கு கௌரி வழக்கை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் அதே துப்பாக்கி பெங்களூருவுக்கு வந்து வேலையை முடித்துவிட்டிருந்தது. அந்த ஆய்வு முடிவு 2015லேயே முறையாக மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால் கௌரி உயிரோடு இருந்திருப்பார் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், இரண்டு மாநில அரசுகளும் சட்டமன்றங்களில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். குறிவைக்கப்பட்டோர் தம் ஆபத்தின் அளவை அறிந்திருப்பர். அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது.

இந்த விவாதம் உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகளின் விற்பனைத் தடத்தை ஆராய்ந்த அரசு நிறுவனம், உரிமம் பெற்ற வணிகர்களில் வெறும் 1.2 சதவீதத்தினரிடமிருந்தே 57 சதவீதத் துப்பாக்கிகள் புறப்பட்டன என்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிகாகோ போன்ற மாநகரங்கள் இத்தகைய தரவுகளைக் கேட்டு நீதிமன்றம் சென்றன. துப்பாக்கி வணிகம் விழித்துக்கொண்டது. 2003இல் டையார்ட் திருத்தம் என்ற பெயரில், நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு ஒட்டவைக்கப்பட்ட ஒரு விதி அந்தத் தரவுகளைப் பொதுமக்களிடமிருந்து பூட்டிவைத்தது. புலனாய்வுக்கு ஊறு நேரும் என்பது சொல்லப்பட்ட காரணம். காப்பாற்றப்பட்டது வணிகத்தின் ஆதாயம்.

இந்தியாவில் ஆயுதம் ஏந்துவது அரசியலமைப்பு தந்த உரிமையன்று. ஆயினும் கள்ளத்துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. உரிமமற்ற ஆயுதங்களின் பெருக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நேர்ந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பறிமுதல் எண்ணிக்கையை வெளியிடுகிறது. எத்தனை என்பது தெரிகிறது. எங்கிருந்து என்பது தெரிவதில்லை.

எங்கிருந்து என்று தேடியபோதெல்லாம் விடை சில நேரங்களில் அரசின் வாசலிலேயே நின்றிருக்கிறது. 2018இல் பீகாரின் முங்கேர் மாவட்டத்தில் சிக்கிய ஏ.கே.-47 துப்பாக்கிகள் ஜபல்பூர் மத்தியப் படைக்கலக் கிடங்கிலிருந்து திருடப்பட்டவை என்பது வெளிப்பட்டது. அரசுக் கிடங்குகளின் தோட்டாக்களைக் கள்ளச்சந்தையில் விற்ற வழக்கில், மத்திய ரிசர்வ் காவல் படையினரும் உத்தரப் பிரதேசக் காவலர்களும் உள்ளிட்ட 24 பேரை 2023 அக்டோபரில் ராம்பூர் நீதிமன்றம் தண்டித்தது. தடமறியும் தரவை மூடிவைப்போர் குற்றவாளியிடமிருந்து மட்டும் அதை மறைக்கவில்லை. தம் தோல்வியையும் சேர்த்தே மறைக்கிறார்கள்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2011இல் மத்தியப் புலனாய்வுத் துறையும் தேசியப் புலனாய்வு முகமையும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டன. தபோல்கர் வழக்கை விசாரித்தது முதலாவது அமைப்பு. ஜபல்பூர் வழக்கு சென்றது இரண்டாவதிடம். மாநிலக் காவல்துறையோ 8(1)(எச்) பிரிவைக் காட்டிக் கதவைச் சாத்துகிறது. விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுப்புக்குப் போதாது, வெளியிடுவதால் அது எவ்வாறு தடைபடும் என்பதைக் காட்ட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007லேயே தீர்ப்பளித்திருந்தும் இந்த வழக்கம் மாறவில்லை.

புலனாய்வின் கவலையை அடியோடு புறந்தள்ள வேண்டியதில்லை. சாட்சிகளின் பெயரும், தேடப்படுவோர் குறித்த துப்பும், உரிமம் பெற்றோரின் வீட்டு முகவரியும் வெளிவரக் கூடாது. உழவனின் ஒற்றைத் துப்பாக்கி பற்றிய விவரம், சாதி, மத, பழங்குடி அடையாளத்தை வைத்து மக்களை வேவு பார்க்கும் கருவியாகவும் ஆகிவிடக் கூடாது. ஆனால், பறிமுதலான ஆயுதத்தின் வகை, அளவு, சிக்கிய மாவட்டம், உற்பத்தியான இடம், கிடங்கிலிருந்து தொலைந்ததா, வேறு வழக்கின் தோட்டாவோடு ஒத்துப்போகிறதா என்பவற்றை வெளியிட எந்தத் தனிமனிதரின் பெயரும் தேவையில்லை. வழக்குக்கு இன்றியமையாதது எனில் குறிப்பிட்ட காலம் தாழ்த்தி வெளியிடலாம்; என்றென்றைக்கும் புதைக்கலாகாது. பிடிபட்ட ஆயுதங்களில் எத்தனை சதவீதத்தின் மூலம் கண்டறியப்பட்டது என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளிலேயே ஓர் அளவுகோல். அந்த இலக்குகளை ஏற்ற அரசு சொந்த மக்களுக்குக் கணக்குச் சொல்லத் தயங்குவானேன்?

எனவே, தடய ஆய்வகங்களின் துப்பாக்கி ஒப்பீட்டு முடிவுகளை மாநில எல்லை கடந்து இணைக்கும் ஏற்பாடும், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்படும் தடமறிதல் அறிக்கையும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். காவல்துறை, படைக்கலக் கிடங்குகளில் தொலைந்த ஆயுதங்களின் கணக்கும் அதில் இடம்பெற வேண்டும். கர்நாடக அரசு ஒன்றிய அரசுக்காகக் காத்திராமல் தொடங்கலாம்; தொடர்பைக் கண்டறிந்த ஆய்வகம் அம்மாநிலத்தினுடையது, கல்புர்கியையும் கௌரியையும் இழந்த மண்ணும் அதுவே.

தபோல்கர் வழக்கில் 2024 மே மாதம் சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, மூவர் விடுவிக்கப்பட்டனர். விசையை அழுத்திய விரல் தண்டிக்கப்படலாம். அந்த விரலிடம் துப்பாக்கியைக் கொண்டுசேர்த்த வழி திறந்தே கிடக்குமானால், அடுத்த வாசற்படி யாருடையது என்ற கேள்வி மட்டுமே எஞ்சும்.